சிறிய வானொலி நிலையத்துக்குத் தானியக்க மென்பொருள்: திரையைப் பார்க்காமல் இயக்க முடிகிறதா?

நாள் முழுவதும் ஒலிபரப்பு, கையில் நான்கைந்து ஆட்கள். சமூக வானொலி, கல்லூரி வானொலி, இணைய வானொலி என எதை எடுத்துக்கொண்டாலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். இரவு இரண்டு மணிக்குப் பாட்டு மாற்ற யாரும் உட்கார்ந்திருக்க முடியாது; எனவே கணினித் தானியக்கம் வந்தே தீரும். எந்த மென்பொருள் என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. வசதிகளின் பட்டியலையும் திரையின் அழகையும் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஆயிரக்கணக்கான பாடல்களை ஏற்றி முடித்த பிறகு, பார்வையற்ற அறிவிப்பாளர் ஒருவர் குழுவில் சேர்கிறார். அவருடைய திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள், அந்தத் திரையில் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. அந்தக் கட்டத்தில் மென்பொருளை மாற்றுவது பெரும்பாடு.

ஆகவே இங்கே மூன்று வழிகளை ஒரே கேள்வியால் அளந்து பார்க்கிறோம்: மானிட்டரை அணைத்துவிட்டு ஒருவர் ஒரு மணி நேர நேரலையைத் தனியாக நடத்த முடியுமா? பார்வையற்றவருக்கு மட்டும் உதவும் கேள்வி அல்ல இது. விசைப்பலகையால் முழுவதும் இயங்கும் மென்பொருள், கை நடுக்கம் உள்ளவருக்கும் மவுஸைப் பிடிக்க முடியாதவருக்கும் பயன்படும். ஒரு கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு நேயரிடம் பேசும் அறிவிப்பாளருக்கும் அதுவே வசதி.

கணினி வந்ததால் இழந்தது என்ன, கிடைத்தது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். 1950களின் கடைசியில் நிலையங்களுக்கு வந்த டேப் கார்ட்ரிட்ஜ் கையில் பிடிக்கும் பொருள். உள்ளே முடிவில்லாமல் சுற்றும் நாடா. தனித் தடம் ஒன்றில் பதிந்த 1 கிலோஹெர்ட்ஸ் தொனி அதைத் தொடக்கப் புள்ளியில் தானாக நிறுத்தும். கார்ட்ரிட்ஜின் முதுகில் பிரெய்ல் சீட்டு ஒட்டினால் போதும், பார்வையற்றவர் ஜிங்கிளையும் (நிலையத்தின் சிறு அடையாள இசை) விளம்பரத்தையும் விரலால் தேடி எடுத்துச் செருகிவிடுவார். கணினி வந்ததும் அதே கார்ட்ரிட்ஜ் திரையில் ஒரு படமானது. மென்பொருள் எழுதியவர்கள் விண்டோஸின் வழக்கமான பொத்தான்களை விட்டுத் தாங்களாகவே வண்ணப் பெட்டிகளை வரைந்தார்கள். வரைந்த பெட்டிக்குப் பெயர் இல்லாததால் திரைவாசிப்பானுக்குச் சொல்ல எதுவும் இல்லை. தனியாக வேலை பார்த்தவருக்குப் பக்கத்தில் உதவியாளர் தேவைப்பட்டார். ஆனால் முறையாக எழுதப்பட்ட மென்பொருளோ கார்ட்ரிட்ஜ் காலத்தில் இல்லாதவற்றையும் தருகிறது: பல்லாயிரம் பாடல்களில் ஒன்றை நான்கு எழுத்துத் தட்டித் தேடலாம், ஓடும் பாடலில் மீதி எத்தனை விநாடி என்று காதில் கேட்கலாம், செய்தியைப் பிரெய்ல் காட்சிக் கருவியில் (திரையின் எழுத்தைப் பிரெய்ல் புள்ளிகளாக எழுப்பும் கருவி) விரலால் படித்துக்கொண்டே வாசிக்கலாம். கருவி ஒன்றே, விளைவு இரண்டு. வித்தியாசம் முழுவதும் தேர்வில்தான் இருக்கிறது.

முதல் வழி: விண்டோஸ் கணினியில் மேசை மென்பொருள்

இந்த வகையில் பார்வையற்ற ஒலிபரப்பாளர்களிடையே அதிகம் பேசப்படுவது ஸ்டேஷன்பிளேலிஸ்ட். இதன் கிரியேட்டர் பகுதி சுழற்சி விதிகளின்படி (எந்தப் பாடல் எப்போது திரும்ப வரலாம் என்ற விதிகள்) மணிக்கணக்கான பட்டியலைத் தயாரிக்கிறது. ஸ்டுடியோ அதை ஒலிபரப்புகிறது. ட்ராக் டூலில் பாடலின் அறிமுக நீளம், அடுத்த பாடல் தொடங்க வேண்டிய புள்ளி போன்றவற்றைக் குறிக்கலாம். திரை பெரும்பாலும் பட்டியல்களும் மெனுக்களும்தான். ஜாஸ், என்விடிஏ என இரண்டு திரைவாசிப்பான்களுக்கும் தனியாக எழுதப்பட்ட துணைநிரல்கள் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) இதற்கு உண்டு. பாடல் முடியப்போகிறது, அறிமுக இசை முடிந்து குரல் வரப்போகிறது, மைக் நெடுநேரமாகத் திறந்திருக்கிறது என்பவற்றையெல்லாம் அவை எச்சரிக்கின்றன. அந்தத் துணைநிரல்களை எழுதியவர்கள் பார்வையற்றவர்கள். நேரலையில் எந்த விநாடியில் எந்தத் தகவல் காதில் விழ வேண்டும் என்பதை அவர்களைவிட நன்றாக யார் அறிவார்?

ரேடியோடிஜே இலவசம், சிறிய நிலையங்களில் பரவலாக ஓடுகிறது. பின்னணியில் தரவுத்தளம் ஒன்று தேவை. திரைவாசிப்பானுடன் எவ்வளவு தூரம் பேசுகிறது என்பதைக் கீழே சொல்லும் சோதனையால் நீங்களே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த வழியில் மென்பொருளைவிட ஒலிப்பாதைதான் அதிகம் சிக்கல் தரும். திரைவாசிப்பானின் குரல் ஒருபோதும் ஒலிபரப்பில் கேட்கக் கூடாது. அதற்கு மூன்று தனித்தனி ஒலி வெளியீடுகள் வேண்டும்: ஒலிபரப்புக்கு ஒன்று, அடுத்த பாடலை முன்கூட்டிக் கேட்க ஒன்று, திரைவாசிப்பானுக்கு ஒன்று. முதலாவது நல்ல யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். மற்ற இரண்டும் எளிய சவுண்ட் கார்டுகளாக இருக்கலாம். மூன்றையும் சிறிய ஹெட்போன் மிக்சரில் கலந்து, ஒரு காதில் நிகழ்ச்சியும் மறு காதில் திரைவாசிப்பானும் வருமாறு அமைத்துக்கொள்வது வழக்கம். ஹெட்போன் மூடிய வகையாக இருக்க வேண்டும். திறந்த வகையில் பேச்சு கசிந்து மைக்கில் ஏறிவிடும்.

விண்டோஸின் இயல்பு வெளியீடாக ஒலிபரப்புக் கார்டு ஒருபோதும் இருக்கக் கூடாது. அறிவிப்பு மணிகள், உலாவியில் தானாக ஓடும் காணொலி, கணினி எழுப்பும் எச்சரிக்கை ஒலி எல்லாம் இயல்பு வெளியீட்டுக்குத்தான் போகும். என்விடிஏ அமைப்புகளில் வெளியீட்டுக் கருவியைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள், இயல்புக் கருவி என்று விட்டுவிடாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு மலிவான யுஎஸ்பி கார்டுகள் வாங்கினால் இரண்டும் ஒரே பெயரில் தெரியும். ஒன்றை வேறு போர்ட்டில் செருகினால் விண்டோஸ் அதைப் புதுக் கருவியாக எண்ணி வேறு பெயர் கொடுக்கும், மென்பொருள் பழைய பெயரைத் தேடிக்கொண்டு மௌனமாகிவிடும். வெவ்வேறு தயாரிப்புகளை வாங்குங்கள், ஒலி அமைப்பில் அவற்றுக்குச் சொந்தப் பெயர் கொடுங்கள், போர்ட்டுக்கும் கேபிளுக்கும் விரலால் தடவி அறியும் அடையாளம் ஒட்டுங்கள்.

காரணம் தெரியாமல் பலரைக் குழப்பும் கோளாறு, ஒலிபரப்பில் இசை திடீரெனத் தாழ்ந்து மீண்டும் எழுவது. இரண்டு இடங்களைப் பாருங்கள். என்விடிஏயில், தான் பேசும்போது மற்ற ஒலிகளைத் தாழ்த்தும் வசதி இருக்கிறது. என்விடிஏ விசையுடன் ஷிஃப்ட், டி அழுத்தினால் நிலை மாறும். ஒலிபரப்புக் கணினியில் இது எப்போதும் அணைந்தே இருக்க வேண்டும். இரண்டாவது, விண்டோஸ் ஒலி அமைப்பின் தகவல்தொடர்புப் பகுதி. இணைய அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைப்பது அங்கே இயல்பு அமைப்பு. நேயரின் அழைப்பை அதே கணினியில் எடுக்கும் நிலையத்தில் பாட்டு அமுங்கிப்போவது இதனால்தான். எதுவும் செய்யாதே என்று மாற்றிவிட வேண்டும்.

புதுப்பிப்புகளும் தொல்லைதான். விண்டோஸ் தானாக மறுதொடக்கம் செய்யாமல் இருக்கும் நேரத்தை அதிகபட்சம் 18 மணி நேரம்தான் குறிக்க முடியும். 24 மணி நேர நிலையத்துக்கு அது போதாது. புதுப்பிப்புகளைக் கொள்கை அமைப்பின் மூலம் நிறுத்திவைத்து, மாதம் ஒரு முறை ஆள் இருக்கும் நேரத்தில் கையால் செய்யுங்கள். மின்சாரம் மிச்சப்படுத்த யுஎஸ்பி போர்ட்டை உறங்க வைக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

இரண்டாம் வழி: லினக்ஸில் ரிவெண்டெல்

ரிவெண்டெல் கட்டற்ற மென்பொருள். பல கணினிகள் ஒரே ஒலி நூலகத்தைப் பகிர்ந்துகொள்ளும் நிலையங்களுக்காக எழுதப்பட்டது. பழைய கார்ட்ரிட்ஜின் தர்க்கத்தை அப்படியே வைத்திருக்கிறது: ஒவ்வொரு ஒலிக்கும் ஆறு இலக்கம் வரையிலான கார்ட் எண், ஒரு கார்ட்டுக்குள் பல வெட்டுகள் (தனித்தனி ஒலிப்பதிவுகள்), ஒவ்வொரு வெட்டுக்கும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த நேரங்களில் ஒலிக்கலாம் என்ற வரம்பு. விளம்பர ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அந்த வெட்டு தானாகவே ஒலிப்பதை நிறுத்திவிடும். நிகழ்வுகளைச் சேர்த்து ஒரு மணிக்கான கடிகாரம், கடிகாரங்களைச் சேர்த்து வாரத்துக்கான கட்டம், கட்டத்திலிருந்து நாள் பட்டியல். முதல் அமைப்புக்கு நேரம் பிடிக்கும், ஆனால் அதன்பின் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும்.

நேரம் பிசகாத தொடக்கத்தில் இதன் நுணுக்கம் தெரியும். ஆறு மணிச் செய்திக்கு உடனே தொடங்கு, அடுத்ததாக வை, இத்தனை நேரம்வரை காத்திரு என்று மூன்று விதமாகக் கட்டளை கொடுக்கலாம். உடனே தொடங்கு என்றால் பாடகர் சரணத்தின் நடுவில் இருந்தாலும் வெட்டிவிடும். மூன்று நிமிடம் காத்திரு என்றால் ஓடும் பாடலை முடிக்க விட்டு, மூன்று நிமிடத்துக்குள் அது முடியாவிட்டால் மட்டும் வெட்டும். சிறிய நிலையத்துக்கு இந்தக் காத்திருக்கும் முறையே நல்லது.

அணுகல்தன்மையில் இது பின்தங்குகிறது. ஒலிபரப்புத் திரை தொடுதிரையைக் கருதி வடிவமைக்கப்பட்டது: பெரிய பொத்தான்கள், நிறங்களால் நிலை சொல்லும் பெட்டிகள். லினக்ஸின் ஓர்கா திரைவாசிப்பான் இதை முழுமையாகப் படித்துச் சொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் வேறொரு கதவு இருக்கிறது. ரிவெண்டெல்லின் மேக்ரோ மொழியில் (மென்பொருளுக்குக் குறுங்கட்டளை கொடுக்கும் மொழி) ஏறக்குறைய எல்லாச் செயல்களுக்கும் இரண்டெழுத்துக் கட்டளை உண்டு. அவற்றை விசைப்பலகைக் குறுக்குவழியிலோ, மேசையில் பதித்த உண்மையான பொத்தானிலோ கட்டிவிடலாம். அடுத்ததைத் தொடங்கு, நிறுத்து, நேரலை முறைக்கு மாறு, அவசர அறிவிப்பை ஒலி என நான்கு பொத்தான்கள், ஒவ்வொன்றின் மேலும் வெவ்வேறு வடிவ மேடு. இப்போது ஓடுவது, அடுத்து வருவது என்ற தகவலை மென்பொருள் வெளியே அனுப்புகிறது. சிறிய பைதான் நிரலால் அதைப் பேச்சொலியாக்கி ஹெட்போனுக்குக் கொடுக்கலாம். இப்படி அமைத்தால் பார்வையற்றவர் நேரலையை நடத்தலாம். பட்டியலைத் திருத்துவதும் குறிப்புப் புள்ளிகள் வைப்பதும் மட்டும் பார்க்கக்கூடியவரின் கையில் தங்கிவிடும். இது முழுச் சமத்துவம் ஆகாது. லினக்ஸ் நன்றாகத் தெரிந்த ஒருவர் நிலையத்தில் நிரந்தரமாக இருந்தால் மட்டுமே இந்த வழியைப் பரிந்துரைக்கிறோம்.

மூன்றாம் வழி: உலாவியில் இயங்கும் சர்வர்

அசுராகாஸ்ட், லிப்ரெடைம் போன்றவை இணைய சர்வரில் இருந்தபடியே ஒலிபரப்புகின்றன. அடியில் லிக்விட்சோப் ஒலியைக் கலக்கிறது, ஐஸ்காஸ்ட் நேயர்களுக்குக் கொண்டுசேர்க்கிறது. நிலையத்தில் மின்சாரம் போனாலும் ஒலிபரப்பு நிற்காது. உலாவித் திரை என்பதால் தலைப்புகள், அட்டவணைகள், பொத்தான்கள் எல்லாம் திரைவாசிப்பானுக்குப் பழகிய வடிவம். தொகுப்பாளர் வீட்டிலிருந்தே கோப்பு ஏற்றலாம், பட்டியல் மாற்றலாம். நிலையத்துக்குப் பயணம் செய்ய முடியாதவருக்கு இது பெரிய விடுதலை. தடை வரும் இடம், மவுஸால் இழுத்துப் போடும் செயல்கள். நிகழ்ச்சி நாட்காட்டியில் பெட்டியை இழுத்து நகர்த்தச் சொன்னால், அதற்கு மாற்றாகத் தேதியும் நேரமும் தட்டச்சு செய்யும் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு மறைமுகத் தடையும் இருக்கிறது. நேரலையை சர்வருக்கு அனுப்பப் பலரும் பயன்படுத்தும் பட் என்ற இலவச மென்பொருள், திரைவாசிப்பானுக்குத் தகவல் தராத வரைகலைக் கருவித்தொகுப்பில் எழுதப்பட்டது. சர்வர் பேசுகிறது, அனுப்பும் கருவி ஊமையாக நிற்கிறது. கட்டளை வரியால் அதை இணைக்கவும் துண்டிக்கவும் முடியும். இரண்டு குறுக்குவழிக் கோப்புகள் எழுதி வைத்தால் சமாளித்துவிடலாம்.

இந்த வழியின் இயல்பான குறை தாமதம். ஐஸ்காஸ்ட் புதிதாக இணைபவருக்கு முதலில் 64 கிலோபைட்டை மொத்தமாகக் கொடுக்கும் அமைப்பிலேயே வருகிறது. விநாடிக்கு 128 கிலோபிட் ஓடையில் (இணையத்தில் தொடர்ந்து பாயும் ஒலி) அது ஏறக்குறைய 4 விநாடி. பிளேயரின் சேமிப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஓடையைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் பேச முயன்றால் எதுவும் பொருந்தாது. பாட்டின் அறிமுக இசைமேல் பேசி, குரல் தொடங்கும் விநாடியில் நிறுத்த விரும்பும் அறிவிப்பாளருக்கு இந்த வழி மட்டும் போதாது. நேர மண்டலத்தையும் நிலைய அமைப்பில் முதலிலேயே மாற்றுங்கள்; அசுராகாஸ்டில் அது உலகப் பொது நேரத்தில் தொடங்கும், காலை நிகழ்ச்சி வேறெப்போதோ ஒலிக்கும்.

எந்த மென்பொருளானாலும் உழைப்பு தயாரிப்பில்தான்

தானியக்கம் வேலையைக் குறைத்துவிட்டது என்பது பாதி உண்மை. தட்டு மாற்றும் வேலை போய், தட்டைப் பற்றி எழுதிவைக்கும் வேலை வந்திருக்கிறது. ஒவ்வொரு பாடலுக்கும் தொடக்கம், அறிமுக முடிவு, அடுத்தது தொடங்கும் புள்ளி, முடிவு என நான்கு புள்ளிகள். பாடலின் கடைசியில் மெல்ல மறையும் இசையைக் கணினி தானாக அளந்தால், ஒலி குறைந்த நடுப்பகுதியை முடிவு என்று எண்ணி அடுத்த பாடலை மேலேற்றிவிடும். மென்மையான பாடல்களுக்கு இந்தப் புள்ளியைக் காதால் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

ஒலி அளவையும் ஏற்றும்போதே சமன்செய்துவிடுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-ல் வெளியிட்ட ஆர் 128 பரிந்துரை -23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு). இணைய ஓடைகளுக்குப் பலரும் -16 அளவில் வைக்கிறார்கள். எந்த எண் என்பதைவிட எல்லாக் கோப்பும் ஒரே எண்ணில் இருப்பது முக்கியம். அப்படி இருந்தால் ஃபேடரை ஒரு குறியில் நிறுத்திவிடலாம், மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டிய தேவை குறையும். மீட்டரைப் பார்க்க முடியாதவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. மைக்குக்கு மட்டும் ஒரு லிமிட்டர் (ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுப்பது) போதும்.

கோப்புகளைச் சுருக்காமலே வைக்கலாம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் ஒரு நிமிடம் சுமார் 10.6 எம்பி, நான்கு நிமிடப் பாடல்கள் ஆறாயிரம் சேர்ந்தால் 254 ஜிபி. ஒரு டெராபைட் வட்டில் தாராளமாக அடங்கும், நகல் வைக்க இன்னொன்று. எம்பி3 கோப்பைத் திரும்பவும் குறைந்த பிட் ஓடையாகச் சுருக்கும்போது தாளக் கருவிகளின் ஒலி கரகரக்கும்.

பாடல் பெயர்களை யூனிகோடில் எழுதுங்கள். பழைய எழுத்துரு முறையில் தட்டிய பட்டியல் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற லத்தீன் எழுத்துகள். யூனிகோடாக இருந்தும் பெயர் வாசிக்கப்படாமல் போனால், திரைவாசிப்பானின் குரல் தமிழ் அறியாத குரல் என்று பொருள். என்விடிஏயுடன் வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு.

முன்பதிவுக் குரலும் ஆளில்லா இரவும்

ஒரு மணி நேரத்தில் நான்கு இடங்களில் 30 விநாடி பேசினால் மொத்தம் இரண்டு நிமிடப் பேச்சு. பேச்சை முன்கூட்டியே பதிந்து பட்டியலில் வைக்கும் முன்பதிவுக் குரல் வசதியில் முந்தைய பாடலின் கடைசிப் பகுதியும் அடுத்த பாடலின் தொடக்கமும் காதில் வரும், நடுவில் பேசிப் பதியலாம். நேரலை அழுத்தம் தாங்காதவருக்கும், வலியோ சிகிச்சையோ காரணமாக நேரம் குறித்து வர இயலாதவருக்கும் இது நல்ல வழி. ஆனால் மணி, வானிலை, போக்குவரத்து எதையும் அதில் சொல்லாதீர்கள். பட்டியலில் ஒரு பாட்டை மாற்றினால் குரல் சொல்லும் பெயரும் ஒலிக்கும் பாட்டும் முரண்படும். மாற்றியவர் குரலையும் நீக்க வேண்டும்.

ஆளில்லா நேரத்தில் அவசரச் செய்தி எப்படி ஒலிபரப்பாகும் என்பதை மென்பொருள் வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். 2002 ஜனவரி 18 அதிகாலையில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் மைனாட் நகருக்கு அருகே அமோனியா ஏற்றிச்சென்ற சரக்கு ரயில் தடம்புரண்டு நச்சுப்புகை பரவி ஒருவர் இறந்தார். மக்களுக்கு வானொலி வழியாக உரிய நேரத்தில் எச்சரிக்கை போகவில்லை. தானியங்கி இரவா, அவசரக் கருவியைக் கையாண்ட முறையா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. எது காரணமானாலும், வெளியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பால் ஒலிபரப்பை எடுத்துக்கொள்ளும் வழி ஒவ்வொரு நிலையத்துக்கும் வேண்டும். அந்த வழி பார்வையற்ற பணியாளருக்கும் திறக்க வேண்டும். வழக்கமான தொலைநிலைத் திரை மென்பொருள்கள் படத்தை மட்டும் அனுப்புவதால் திரைவாசிப்பான் அங்கே உதவாது. என்விடிஏயின் தொலை அணுகல் பேச்சையே அனுப்புகிறது, 2025.1 பதிப்பிலிருந்து அது உள்ளேயே வருகிறது.

மௌனத்தைக் கண்டறியும் ஏற்பாடு மூன்று வழிகளுக்கும் பொது. -40 டெசிபலுக்குக் கீழே 20 முதல் 30 விநாடி நீடித்தால் மாற்று ஒலிக்குத் தாவ வேண்டும். 10 விநாடி என்று வைத்தால் நாடகத்தின் இடைவெளியிலேயே தாவிவிடும். ஐஸ்காஸ்டில் மாற்று ஓடை வைத்தால் இரண்டும் ஒரே கோடெக்கில் (ஒலியைச் சுருக்கும் முறை), ஒரே மாதிரி விகிதத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் நேயரின் பிளேயர் நின்றுபோகும்.

சோதனையும் எங்கள் தேர்வும்

மென்பொருளின் சோதனைப் பதிப்பை நிறுவி, மானிட்டர் கேபிளைக் கழற்றுங்கள். அதை நாள்தோறும் பயன்படுத்தப்போகும் பார்வையற்ற அறிவிப்பாளரையே உட்கார வையுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்ட பார்வையுள்ளவர் அவருக்கு மாற்றாக மாட்டார். ஒரு மணிப் பட்டியலைத் திறப்பது, ஓடுவதில் மீதி நேரம் கேட்பது, ஒரு பாடலைத் தேடி நடுவில் செருகுவது, அடுத்ததை ஹெட்போனில் மட்டும் கேட்பது, தானியக்கத்தை நிறுத்தி மைக் எடுத்துப் பேசிவிட்டுத் திரும்ப ஒப்படைப்பது. கடைசியாக, பட்டியலில் உள்ள ஒரு கோப்பை வேண்டுமென்றே அழித்துவிடுங்கள். அப்போது வரும் பிழைப் பெட்டியை அவர் அறிய முடிகிறதா? மற்றவற்றில் தேறும் மென்பொருள்கள் பல இந்தக் கடைசி இடத்தில் தோற்கின்றன. பிழைச் செய்தி திரையின் மூலையில் சிவப்பு எழுத்தாக வந்து, யாருக்கும் சொல்லாமல் மறைந்துவிடும்.

நேரலை உள்ள நிலையத்துக்கு எங்கள் பரிந்துரை முதல் வழியும் மூன்றாம் வழியும் சேர்ந்த அமைப்பு. ஸ்டுடியோவில் விண்டோஸ் கணினியும் ஸ்டேஷன்பிளேலிஸ்டும், வெளியே சிறிய சர்வரில் அசுராகாஸ்ட். ஸ்டுடியோ இணைந்தால் நேரலை, துண்டித்தால் சர்வரின் பட்டியல் தானாக எடுத்துக்கொள்ளும். பேச்சே இல்லாத இசை ஓடைக்கு சர்வர் மட்டும் போதும். பண்பலை டிரான்ஸ்மிட்டரும் இரண்டு மூன்று ஸ்டுடியோக்களும் லினக்ஸ் அறிந்த பொறியாளரும் இருந்தால் ரிவெண்டெல். பொத்தான் மேசைக்கான வேலையை முதல் வாரத்திலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது நடப்பதே இல்லை.

தேர்ந்தெடுத்த பதிப்பின் நிறுவல் கோப்பு, துணைநிரல், திரைவாசிப்பானின் பதிப்பு மூன்றையும் ஒன்றாகச் சேமித்து வையுங்கள். புதிய பதிப்பில் ஒரு பட்டியலின் நெடுவரிசை மாறினாலே துணைநிரல் தவறான எண்ணை வாசிக்கக்கூடும். ஒலிபரப்பில் இல்லாத கணினியில் மேலே சொன்ன அதே சோதனையை மறுபடி நடத்தி, அறிவிப்பாளர் சரி என்று சொன்ன பிறகே ஸ்டுடியோக் கணினியைப் புதுப்பிக்க வேண்டும்.